லிம்பெட்டின் பல்லா, ஊரியின் நாக்கா: படகின் அடியைச் சுரண்ட யாரைப் பார்த்துச் செய்வது?

ஒலுவிலில் பொறியியல் படிக்கிற மருமகள் போன மாதம் மட்டக்களப்பில் கல்லடிக்கு வந்தாள். என் கொட்டிலில் ஒரு 18 அடி ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. நாலைந்து மாதம் வாவித் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகு. அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி, அதற்கு மேல் காலை அறுக்கும் கூர்ச்சிப்பி (ஆங்கிலத்தில் பார்னக்கிள்), இடையிடையே சேறு. பட்டி பூசுகிற தகட்டை வைத்து நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். படகை ஒரு தரம் சுற்றி வந்துவிட்டு, "இதைத்தான் மாமா என்ட புரொஜெக்டுக்கு எடுக்கப் போறன்" என்றாள்.

"சுரண்டுறதையா?"

"ஓம். நத்தை எப்படிச் சுரண்டுதெண்டு பார்த்து ஒரு சாமான் செய்யப் போறன்."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று பின்னேரம் அவள் கொண்டுவந்த படங்களைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான்கைந்து வகை நத்தைகளின் வாயைப் பெருப்பித்து எடுத்த படங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆயுதம். அவளுக்கோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரு வருட வேலை, கொஞ்சக் காசு, கம்பஸ் பட்டறை, என் கொட்டில். அவ்வளவுதான் கையிருப்பு. இரண்டு கிழமையாக நாங்கள் இருவரும் வாதாடியதைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி இயற்கையைப் பார்த்துச் செய்கிற புரொஜெக்டைத் தேடும் பிள்ளைகளுக்கு உதவலாம்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாசி பெரிய விஷயமில்லை, துணியால் துடைத்தாலும் போகும். கூர்ச்சிப்பியைத் தட்டினால் மேலே இருக்கும் கூம்பு உடைந்து கொட்டும். அதன் அடித்தட்டுத்தான் போகாது. சட்டைப் பொத்தான் அளவில், சுண்ணாம்பால் வைத்த பொட்டு மாதிரி, வெள்ளை வட்டமாக ஜெல்கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்கத்தான் நாங்கள் பலம் போடுகிறோம். பலம் போடும்போதுதான் தகட்டின் மூலை ஜெல்கோட்டில் இறங்குகிறது. ஜெல்கோட் என்பது படகின் தோல். அரை மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அது கிழிந்தால் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் இழைக்குப் போகும், அப்புறம் கொப்புளம் போடும். ஒரு முறை அவசரத்துக்குக் கிரைண்டரைப் பிடித்து நானே ஒரு படகைக் கெடுத்திருக்கிறேன். வட்டங்கள் எல்லாம் பத்தே நிமிடத்தில் போயின. அடுத்த வருடம் அந்தப் படகு அம்மை போட்ட முதுகோடு திரும்பி வந்தது. ரெசின், மெட் என்கிற கண்ணாடி இழை விரிப்பு, கூலி எல்லாம் என் கணக்கில்.

ஆகவே எந்த நத்தை வந்தாலும் நான் மூன்றுதான் கேட்பேன் என்றேன். வட்டம் போகுமா? ஜெல்கோட் பிழைக்குமா? பல் தேய்ந்தால் இங்கேயே, நம்மிடம் கிடைக்கிற சாமானால் மாற்றலாமா?

வாயும் எலிவேட்டரும்

மட்டி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு இனங்களை விட்டுவிட்டால், நத்தை, ஊரி, சங்கு, கணவாய் என்று அந்தக் குடும்பத்தில் அநேகமாக எல்லாவற்றின் வாயிலும் ராடுலா என்ற ஒரு நாடா இருக்கிறது. கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் கோதிலும் நண்டுக் கோதிலும் இருப்பது அதே கைட்டின்தான். நாடாவின் மேல் வரிசை வரிசையாகப் பற்கள். அடியில் குருத்தெலும்பு மாதிரி ஒரு மேடு. தசைகள் அந்த மேட்டை வாய்க்கு வெளியே தள்ளி, நாடாவை அதன் மேல் இழுக்கும். அர நாக்கு என்று சொன்னால் பொருந்தும்.

இது எனக்கு விளங்கவில்லை. அவள் படம் கீறிக் காட்டியும் விளங்கவில்லை. கடைசியில் சம்மாந்துறை அரிசி ஆலைதான் கை கொடுத்தது. அங்கே நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பெல்ட், அதில் சின்னச் சின்ன வாளிகள். பெல்ட் நேராக ஓடும்போது வாளிகளின் வாய்கள் ஒன்றுக்கொன்று கிட்டவாக நிற்கும். புல்லியில் வளையும் இடத்தில் மட்டும் விசிறி மாதிரி விரியும், விரிந்து கொட்டும், மறுபடி நெருங்கும். நத்தையின் நாக்கும் அப்படித்தான். வாய்க்குள்ளே பற்கள் மடிந்து படுத்திருக்கும். மேட்டின் விளிம்பில் நாடா வளையும் அந்த ஒரு கோட்டில் மட்டும் நிமிர்ந்து நின்று சுரண்டும். உள்ளே போகும்போது திரும்பவும் படுத்துக்கொள்ளும். சுரண்டியதும் அதோடு உள்ளே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. தேங்காய் துருவுகிற துருவலையின் பல் மழுங்கினால் கொல்லனிடம் கொண்டுபோய்க் கூர் வைக்கிறோம். நத்தை கூர் வைப்பதில்லை. முன்பக்கத்துப் பல் தேய்ந்து விழ விழ, பின்பக்கத்தில் புது வரிசை முளைத்து நாடாவோடு முன்னே நகர்ந்து வரும். பல இனங்களில் ஒரு நாளைக்கு 3 முதல் 6 வரிசை வரை புதிதாக உண்டாகிறது. என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்தக் கம்பனியும் வைத்திருக்காது.

நாக்குகளை அவை செய்கிற வேலையை வைத்து ராபர்ட் ஸ்டெனெக், லெஸ் வாட்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982இல் பிரித்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒன்று தும்புத்தடி, ஒன்று வாரி, ஒன்று மண்வெட்டி. இதைக் கேட்ட பிறகுதான் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தும்புத்தடியை உடனே கழித்துவிட்டோம். நெரைட் என்கிற உருண்டை ஊரிகளின் நாக்கில் ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் சில பற்கள், இரண்டு பக்கமும் மயிர் போன்ற பற்கள் ஏராளம். கல்லில் படிந்த மெல்லிய பாசியைக் கூட்டி அள்ளுவதற்கு அருமையான சாமான். வெள்ளை வட்டத்தை அது தொடக்கூட மாட்டாது. அந்த வேலைக்கு நத்தையிடம் போக வேண்டியதில்லை, கடையில் தொங்குகிற தும்புத்தடியே போதும்.

கூம்புச் சங்கையும் படத்தில் வைத்திருந்தாள், அழகுக்காக என்று நினைக்கிறேன். அதன் பல் நாடாவில் வரிசையாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள, முள் வைத்த ஈட்டி. நஞ்சை நிரப்பி இரையில் பாய்ச்சும். ஒரு குத்துக்கு ஒரு பல், அடுத்ததற்குப் புதுப் பல். ஊசி, மருந்து ஏற்றும் கருவி செய்கிறவர்களுக்கு அது புதையல். அந்த இனத்தில் ஒன்றின் நஞ்சைப் பார்த்து உருவாக்கிய ஸிகோனொடைட் என்ற வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாசிக்குடாப் பக்கம் பவளப்பாறையில் நடக்கிறவர்கள் மட்டும், வடிவான சங்கு என்று உயிரோடு கையில் எடுக்க வேண்டாம். அந்தக் குத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

மண்வெட்டி: எல்லாரும் காதலிக்கிற பல்

உண்மையான சண்டை லிம்பெட்டில்தான் தொடங்கியது. அலை அடிக்கிற பாறையில் சின்னத் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, கையால் இழுத்தால் வராது, அதுதான். மருமகள் முதலில் இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஆசா பார்பர் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஐரோப்பியக் கரையோர லிம்பெட்டின் பல்லை இழுத்துப் பார்த்து 2015இல் எழுதினார்கள். பல்லே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலிருந்து தலைமயிரை விடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு மெல்லிய துண்டுகளைச் சீவி எடுத்து, அறும் வரை இழுத்தார்கள். இழுவைப் பலத்தை அளக்கிற கிகாபாஸ்கல் கணக்கில் 3 முதல் 6.5 வரை தாங்கியது. சிலந்தி நூலின் பெயர் போன பலத்தையே தாண்டிய கணக்கு.

இந்த எண் மற்றவர்களுக்கு வெறும் எண். எனக்கு அப்படியில்லை. நான் படகுக்குப் போடுகிற கண்ணாடி இழை, புதிதாக இழுத்தெடுத்த ஒற்றை இழையாக இருக்கும்போது, ஏறத்தாழ 3.4 கிகாபாஸ்கல் தாங்கும். அதையே மெட்டாக விரித்து ரெசின் ஊற்றிக் காயவிட்டால் பலம் முப்பதில் ஒரு பங்காக இறங்கிவிடும். இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும், ரெசின்தான் கூட, நடுவே காற்றுக் குமிழ் வேறு. லிம்பெட் அந்த இறக்கத்தைக் காணாமலே பல் கட்டியிருக்கிறது. கைட்டினுக்குள்ளே கோயதைட் என்ற இரும்புக் கனிமத்தை நுண்ணிய இழைகளாக, மிக நெருக்கமாக அடுக்கியிருக்கிறது. இழை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அதில் பெரிய வெடிப்புக்கு இடமே இல்லை. கோயதைட் வேறொன்றுமில்லை, நம் படகு ஆணியில் பிடிக்கிற துருவிலும் அதுதான் இருக்கிறது. நாங்கள் துருவைக் கண்டால் தலையில் கைவைக்கிறோம். லிம்பெட் அதை வைத்துக் கல்லைச் சுரண்டுகிறது.

"அப்ப இதையே எடுப்பம் மாமா" என்றாள்.

"எடுத்து? எதில செய்வாய்?"

அங்கேதான் அவள் கொஞ்சம் யோசித்தாள். அதே போர்ட்ஸ்மத்தில் 2022இல் லிம்பெட்டின் நாக்குத் திசுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, கைட்டின் மேல் இரும்பு ஒட்சைட்டைப் படியவைத்து, பல்லைப் போன்ற ஒரு பொருளை உண்டாக்கிக் காட்டினார்கள். பெரிய சாதனை. ஆனால் அதற்கு உயிரணு வளர்க்கிற கூடமும், பொறுமையும், வருடக் கணக்கில் சம்பளம் கொடுக்கிற ஆட்களும் வேண்டும். கல்லடிக் கொட்டிலில் அது நடக்காது.

செய்ய முடிந்தாலும் எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. காரணம் பல்லின் பலம் இல்லை, நாக்கின் குணம். லிம்பெட்டின் நாக்கு விறைத்த நாக்கு. அதன் பற்கள் விரிந்து மடங்குவதில்லை; நாடாவில் பதித்த நிலையிலேயே நின்று, முழுப் பலத்தோடு இழுபடும். வரிசையில் வேலை செய்கிற பற்களும் சிலவே, ஆகையால் ஒவ்வொரு பல்லிலும் பாரம் அதிகம். மண்வெட்டி என்றது அதனால்தான். பாசியோடு சேர்த்துப் பாறையின் மேற்பரப்பையும் கொஞ்சம் அது எடுத்துவிடும்; சுண்ணக்கல் போன்ற மென்மையான கல்லில் அது மேய்ந்த தடம் கீறலாகத் தெரியும். லிம்பெட்டுக்கு அதில் நட்டமில்லை. எனக்கோ அந்தப் பாறைதான் ஜெல்கோட்.

மறுகா இன்னொரு கணக்கு. கூர்ச்சிப்பியின் கோது கல்சைட், கீறல் கடினத்தில் 3. கோயதைட் 5க்கு மேல். மூன்றை எடுக்க ஐந்து எதற்கு? கிரைண்டரில் நான் செய்த பிழையும் இதுவேதான். வேலைக்குத் தேவையானதைவிடக் கடினமான பல்லைப் பிடித்தால், அது எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

(கைட்டன் என்று லிம்பெட்டுக்கு ஒரு தூரத்து உறவு உண்டு, நத்தை இல்லை. அதன் பல்லில் காந்தக் கனிமமான மக்னடைட் இருப்பதை 1962இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் கண்டுபிடித்தார். பல் காந்தத்தில் ஒட்டுமாம். இதைக் கேட்டதும் மருமகளின் தம்பி பழைய ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். வெறுங்கையோடுதான் வந்தான்.)

வயல் நத்தையின் பாதம்

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கிட்டத்தட்ட இதுதான் வென்றிருக்கும்.

வயலில் திரிகிற ஆப்பிள் நத்தை வாயால் மட்டும் தின்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு வந்து, பாதத்தின் முன்பகுதியைப் புனல் மாதிரி விரித்து, அதன் ஓரத்தை அலை அலையாக அசைக்கும். மேலே மிதக்கிற தூசு, தீன் எல்லாம் அந்த அலையில் அதன் பக்கம் வந்து சேரும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சங்வான் ஜங் என்பவரின் குழு இதைப் பார்த்து, திருகாணி போன்ற ஒரு அச்சு சுழல அதன் மேல் ஒரு விரிப்பு அலையாக அசைகிற கருவியைச் செய்து 2023இல் வெளியிட்டது. மிதக்கிற நுண்பிளாஸ்டிக்கைச் சேர்க்கலாம் என்பது எண்ணம். கண்ணுக்குத் தெரியாத துகளை வலை பிடிக்காது, இது பிடிக்கலாம்.

வாவிக் கரையில் பிளாஸ்டிக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் ஆசை வராமல் இருக்குமா? எனக்கே வந்தது. செலவும் குறைவு, முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஒரு சின்ன மோட்டாரும் போதும். ஆனால் அது தண்ணீரின் மேல்தோலில் நடக்கிற வேலை. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அழகாக வேலை செய்யும். கச்சான் காற்று அடிக்கிற பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் வாவி எப்படிக் கிடக்கும் என்று அவளுக்கும் தெரியும். "அலைக்க அலை செய்யுறதா?" என்று அவளே கேட்டுவிட்டுப் படத்தை மடித்து வைத்தாள். வேறு யாராவது எடுத்துச் செய்தால் நல்லது. ஆலைக் கழிவுநீர்த் தொட்டி மாதிரி அசையாத தண்ணீருக்கு இது பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. படகின் அடிக்கு இல்லை.

வாரி: எங்கள் ஊரி

மிஞ்சினது வாரி. அதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போகவில்லை. வாவியோரக் கண்டல் காட்டுச் சேற்றில் கூம்பு கூம்பாக நீண்டு கிடக்கும் கறுத்த ஊரிதான். விஞ்ஞானப் பெயர் டெரெப்ராலியா பலஸ்ட்ரிஸ்.

இந்த ஊரிக்கு மட்டக்களப்பில் வேறொரு பெருமையும் இருக்கிறது. 1848இல், அப்போது இலங்கையில் பிரித்தானிய அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இங்கே வந்து நிலவு நேரத்தில் தோணியில் போய், வாவித் தண்ணீருக்குள் இருந்து எழுகிற பாட்டைக் கேட்டார். எது பாடுகிறது என்று கேட்டதற்கு மீனவர்கள் ஊரியைத்தான் காட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்ததில் ஒன்றை அவர் சேரித்தியம் பலஸ்ட்ரே என்று எழுதி வைத்தார். இன்றைய டெரெப்ராலியாவின் பழைய பெயர் அது. பாடுகிறது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நான் அதில் தலையிடவில்லை, எனக்கு அதன் வாய் போதும்.

அந்த வாயில் நாடாவின் ஒரு வரிசைக்கு 7 பல். நடுவில் ஒன்று, அதன் இரு புறமும் ஒவ்வொன்று, ஓரங்களில் இரண்டிரண்டு. நாடா வளையும் இடத்துக்கு வந்ததும் ஓரப் பற்கள் வெளியே விரியும். இழுக்கத் தொடங்கியதும் உள்பக்கமாக மடிந்து, நடுப்பல் சுரண்டினதை அள்ளும். இரண்டு கையாலும் உமியைக் கூட்டி அள்ளுவது போல. குஞ்சாக இருக்கும்போது இந்த ஊரி சேற்றில் இருக்கும் நுண்தீனைத்தான் தின்னும். பெரிதானால் விழுந்த கண்டல் இலையைக் கடித்துத் தின்னும், அதற்கு ஏற்றபடி பல்லின் வடிவமும் மாறிவிடும். ஒரு இலையில் பல ஊரி கூடி நின்று தின்னுவதும் உண்டு. ஒன்று இழுக்க மற்றது பிடிக்க, இலை நழுவாது.

எல்லாம் சரி, ஆனால் இந்த வாரி வெள்ளை வட்டத்தை எடுக்குமா? அதற்குப் பதில் ஊரியிடம் இல்லை, ஆப்பிரிக்காவின் டங்கனீக்கா ஏரி நத்தைகளிடம் இருந்தது. அவை பலுடோமிடே குடும்பம். நம் நாட்டு ஓடைகளிலும் அந்தக் குடும்பத்து நத்தைகள் இருக்கின்றன, இதே 7 பல் நாக்குத்தான். ஜெர்மனியில் வென்கே கிரிங்ஸ், ஸ்டனிஸ்லாவ் கோர்ப் முதலானவர்கள் அவற்றின் பல்லை இடம் இடமாகக் குத்தி அளந்தார்கள். பாறையில் மேய்கிறவற்றின் பல் முனையில் கடினம், அடிக்கு வர வர மெத்தென்று போகிறது. மணலில் மேய்கிறவற்றில் அந்த வித்தியாசம் குறைவு. பாரம் ஏறினால் பல் அடியில் வளைந்து, பின்னால் நிற்கும் பல்லின் முதுகில் சாய்ந்துகொள்ளும். அது அடுத்ததில் சாயும். ஒரு பல்லின் பாரத்தை வரிசையே பகிர்ந்துகொள்கிறது. பல் உலர்ந்துவிட்டால் விறைத்து முறிகிறது. ஈரமாக இருந்தால்தான் இந்தச் சாய்தல் நடக்கும்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. இத்தனை நாளும் நான் தேடினது நல்ல பல்லை. தேடியிருக்க வேண்டியது நல்ல ஈறை.

அடுத்த சனிக்கிழமை கொட்டிலில் சோதித்துப் பார்த்தோம். ஆலையில் கழித்துப் போட்ட எலிவேட்டர் பெல்ட்டில் ஒரு முழத் துண்டு. பழைய நைலோன் வெட்டுப் பலகையில் இருந்து விரல்நகம் அளவுப் பற்கள் அறுத்தோம். முதலில் பல்லை நேரே பெல்ட்டில் ஆணி போட்டு இறுக்கி, பெல்ட்டை மரக்கட்டையில் சுற்றி, படகின் அடியில் இழுத்தோம். படகின் அடி தட்டையா என்ன? வளைவில் நடுப்பற்கள் மட்டும் பட்டன, ஓரப் பற்கள் காற்றில் நின்றன. மூன்றாவது இழுப்பிலேயே பட்ட பற்களில் இரண்டு முறிந்துவிட்டன.

அப்புறம் ஒவ்வொரு பல்லின் அடியிலும் சைக்கிள் டியூப்பை இரண்டு மடிப்பு வைத்து ஒட்டினோம். இப்போது எல்லாப் பல்லும் வளைவைத் தழுவின. பாசி சேறாக உருண்டு வந்தது, மருமகளின் முகத்தில் வெளிச்சம். ஆனால் வெள்ளை வட்டம் வந்ததும் பல் பின்னால் மல்லாந்து, மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. வட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. மெத்தென்ற ஈறு மட்டும் போதாது.

மூன்றாவது தரம் வரிசைகளைக் கிட்டக் கிட்ட வைத்தோம். சுண்டுவிரல் மொத்தத்துக்கும் குறைவான இடைவெளி. முதல் பல் வளைந்தால் இரண்டாவதின் முதுகில் போய் முட்டும் அளவு. இழுத்தேன். வட்டத்தில் பட்டதும் முன்வரிசை சாய்ந்தது, இரண்டாவதில் தங்கியது, மூன்றாவதும் சேர்ந்து தாங்கியது, கையில் ஒரு சின்ன உதறல். டக். வட்டத்தில் பாதி தெறித்து மருமகளின் செருப்பில் விழுந்தது. ஜெல்கோட்டில் ஈரத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லை. நைலோனுக்கு ஜெல்கோட்டைக் கீறுகிற தைரியம் கிடையாது. வட்டம் போனது பல்லின் கடினத்தால் இல்லை, மூன்று வரிசையும் சேர்ந்து அதன் விளிம்பில் தள்ளியதால்.

மறைக்காமல் சொல்கிறேன், எல்லா வட்டமும் அப்படித் தெறிக்கவில்லை. பழைய, ஒன்றின் மேல் ஒன்று ஏறின சிப்பியின் அடித்தட்டு அசையவே இல்லை. நைலோன் பல்லும் சீக்கிரம் மழுங்கியது. சிரட்டையில் பல் அறுத்தால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. பித்தளைத் தகடு போடலாம் என்பது அவள் யோசனை. பித்தளையின் கடினம் கிட்டத்தட்டச் சிப்பிக் கோதுக்குச் சமம். சரி, இரண்டும் செய்து பார்க்கலாம், பல்லை மாற்றுவது நிமிட வேலை. லிம்பெட்டின் பக்கம் போயிருந்தால் இன்றைக்கு முதல் பல்லுக்கே காத்திருப்போம்.

ஆகவே ஊரிதான் என்று முடிவாகியது. இப்போது வேறு தகராறு. பெல்ட்டை மோட்டாரில் ஓடவிட வேண்டும், சுரண்டின குப்பை நாக்கில் போகிற மாதிரி உள்ளே இழுபட்டுப் பெட்டியில் விழ வேண்டும் என்கிறாள் அவள். கம்பஸில் அசைகிற சாமானுக்குத்தான் மதிப்பாம். கையால் இழுக்கிற கட்டையை முதலில் சரியாகச் செய் என்கிறேன் நான். மோட்டார் வந்தால் வேகம் வரும், வேகம் வந்தால் கிரைண்டர் ஞாபகம் வருகிறது எனக்கு. நத்தை அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் ஒரு சமாதானம் சொன்னாள்: கைக் கட்டையில் பல் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகுதான் மோட்டார். இடைவெளியை ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டிப் பார்க்க ஐந்து கட்டை வேண்டுமாம். ஒரு கட்டைக்கு 7 பல்லாக ஆறு வரிசை.

இருநூற்றுப் பத்துப் பல். அறுக்கிறது நான்தான்.